பன்னிரண்டாவதில் பாஸ், முதல் செமஸ்டரில் அரியர்: விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித் தருவது?

நான் கணக்கு ஆசிரியர். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) நியமனத்தில் சில வருடங்கள் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பாடம் எடுத்தேன், அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு வகுப்புகளுக்கு வந்தேன். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். ஒவ்வொரு வருடமும் அட்மிஷன் சமயத்திலும், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்திலும் பெற்றோரும் மாணவர்களும் சக ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்ததால் இல்லை, அவசரத்தில் பாதி பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று பட்டதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

"ஏன் சார், பன்னண்டாவதுல கணக்குல 62 வாங்குனவன், இங்க வந்து முதல் செமஸ்டர்லயே கணக்குல அரியர் வெச்சிருக்கான். எப்படி?"

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா என்னிடம் இப்படியேதான் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கேள்வித்தாளிலேயே இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. தேறுவதற்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் 25. தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருக்கும் அந்தக் கேள்விகளைத்தான் நம் பிள்ளைகள் 'புக் பேக்' என்று சொல்கிறார்கள், அதைத் திரும்பத் திரும்பப் படித்தாலே அந்த இருபதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். கூட மெய்மை அட்டவணை ஒன்று, அணிக்கோவைக் கணக்கு ஒன்று சரியாகப் போட்டால் தேறியாகிவிட்டது. அப்படிச் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து அடித்த கையேட்டுக்குப் பெயர் 'மினிமம் மெட்டீரியல்'. நானும் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன், ஜனவரி மாதம், காலாண்டிலும் அரையாண்டிலும் தேறாத பிள்ளைகளை உட்கார வைத்து. அந்தப் பிள்ளைகள் தேறினார்கள், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது கல்லூரிப் பக்கம் வாருங்கள். பொறியியல் முதல் செமஸ்டரில் அணிகளோடு நுண்கணிதம். இயற்பியல், வேதியியல் பட்டப் படிப்புகளிலும் துணைப் பாடமாகக் கணிதம், அதிலும் வகையிடலும் தொகையிடலும். 62 வாங்கிய பையன் பன்னிரண்டாவது புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் பாதியைத் திறந்தே பார்க்காமல் அந்த 62ஐ வாங்கியிருக்க முடியும். அவன் ஏமாற்றவில்லை. அவனிடம் கேட்கப்பட்டதை அவன் செய்தான். அந்த மதிப்பெண் 'தேறினான்' என்று சொல்கிறது, எந்தப் பாடத்தில் என்ன தெரியும் என்று சொல்வதில்லை. ஆனால் நாம் எல்லோரும், கல்லூரி உட்பட, அதை இரண்டாவது மாதிரிதான் வாசிக்கிறோம்.

அறிவியல் பாடங்களில் இன்னும் எளிது. எழுத்துத் தேர்வு 70, அதில் 15 எடுத்தால் போதும், மீதியை செய்முறையும் அகமதிப்பீடும் தூக்கிவிடும்.

ரெமிடியல், பிரிட்ஜ் கோர்ஸ், குறைதீர் கற்பித்தல்: எல்லாம் ஒன்றா?

பேச்சில் கலந்து கலந்து சொல்கிறோம், ஆனால் வேறுபாடு முக்கியம். பிரிட்ஜ் கோர்ஸ், அதாவது இணைப்புப் பாடம், எல்லோருக்கும் பொது. பள்ளியில் நின்ற இடத்துக்கும் கல்லூரிப் பாடம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியை நிரப்புவது. குறைதீர் கற்பித்தல், ஆங்கிலத்தில் ரெமிடியல், ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது, ஆனால் சேராமல் போனது, அதைத் திரும்ப முதலிலிருந்து சொல்லித் தருவது. பின்னத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு பிரிட்ஜ் கோர்ஸ் வைத்துப் பிரயோஜனம் இல்லை. பாலம் கட்ட இந்தப் பக்கம் கரை வேண்டுமே.

'மெல்லக் கற்கும் மாணவர்' என்று அலுவலக மொழியில் ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. என் வகுப்பில் அப்படிப் பட்டியலிடப்பட்ட நிறையப் பேர் மெதுவாகக் கற்பவர்கள் இல்லை. ஆறாம் வகுப்பில் அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு மாதம் பள்ளியை விட்டவர்கள், அந்த நான்கு மாதத்தில் நடந்த பாடம் மட்டும் தெரியாதவர்கள்.

அப்போது தப்பு பள்ளிக்கூடத்தின் மேல்தானே?

ஒரு பங்கு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பங்கு என்று பார்க்க வேண்டும்.

ரிசல்ட் வருகிற அன்று எல்லோரும் கேட்பது தேர்ச்சி சதவீதம் மட்டும்தான். மாவட்டத்துக்கு எத்தனையாவது இடம், பள்ளிக்கு நூறு சதவீதமா, இல்லையென்றால் ஹெச்.எம். ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை 20லிருந்து 35க்குக் கொண்டு வந்தால் கணக்கில் வரும். 50 வாங்குகிற பிள்ளைக்கு நுண்கணிதத்தைப் புரிய வைத்தால் எங்கேயும் வராது. இருக்கிற ஒரே கணக்கு ஆசிரியரின் நேரம் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சித்தேரி மலைப் பக்கமோ அஞ்செட்டிப் பக்கமோ பணியிடம் காலியாக இருக்கும் வருடத்தில் அந்த ஒருவரும் இருக்க மாட்டார். நடுவில் பி.டி.ஏ. மூலம் ஒருவரைப் போடுவார்கள், அவர் சேரும்போது காலாண்டு முடிந்திருக்கும். நான் அப்படி அக்டோபரில் சேர்ந்தவன்தான். ஜூனிலிருந்து நடக்காத பாடத்தை எடுப்பதா, பொதுத்தேர்வுக்கு வருவதை எடுப்பதா என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, சுமார் 68.5 சதவீதம். இன்று கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் பலருடைய பெற்றோர் அந்தக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகப் பதிவானவர்கள். வீட்டில் பாடம் சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் விட்டது விட்டதுதான்.

எட்டாவது வரை ஆல் பாஸ் போடுவதால்தானே இவ்வளவும்?

டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யலாம் என்று விட்டது. தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஆல் பாஸ் தொடர்கிறது.

அது தொடர்வது நல்லது என்பது என் முடிவு. ஃபெயில் போட்டால் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்து அதே பாடத்தை, பெரும்பாலும் அதே ஆசிரியரிடம், அதே முறையில் இன்னொரு தடவை கேட்கும். முதல் தடவை புரியாதது இரண்டாவது தடவை ஏன் புரிய வேண்டும்? நம் ஊரில் பெண் பிள்ளை ஒரு வருடம் ஃபெயில் ஆனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பென்னாகரம் பக்கமும் தேன்கனிக்கோட்டைப் பக்கமும் பதினெட்டு ஆவதற்கு முன்பே கல்யாணம் ஆகிப் படிப்பை விட்ட பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் விட்டுப்போனது இன்னொன்று. ஃபெயில் போடாதே என்ற வரியைப் பிடித்துக்கொண்டோம், பின்தங்கிய பிள்ளைக்கு அந்த வருடமே தனியாகச் சொல்லிக் கொடு என்பதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கவில்லை. இப்போதுதான் அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது. 2022ல் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கினார்கள், அப்புறம் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கு 'திறன்'. ஆறாவதில் பின்னத்தைச் சரி செய்வதற்கு ஆகும் நேரத்தையும், அதையே பதினெட்டு வயதில் வெட்கத்தோடு உட்கார வைத்துச் சரி செய்வதற்கு ஆகும் நேரத்தையும் நான் இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டேன். ஒப்பிடவே முடியாது.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, என் பயமெல்லாம் இங்கேதான்.

பதினொன்றில் பொதுத்தேர்வு 2017-18ல் வந்தது. அதற்கு முன் நாமக்கல், ராசிபுரம் என்று ஆரம்பித்து நம் இரண்டு மாவட்டங்களின் விடுதிப் பள்ளிகள் வரை ஒரு வழக்கம் இருந்தது: பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துவது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2006ல் சட்டம் போட்டு எடுத்தபின் பன்னிரண்டாவது மார்க் மட்டும்தான் கட் ஆஃப். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த முடிவு பெரிய கதவைத் திறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிளஸ் ஒன்னை விடுவதும் அதனாலேயே லாபமானது. இரண்டு வருடம் அரைத்தால் சென்டம் வரும். அப்படி சென்டம் வாங்கி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போன பிள்ளைகள் முதல் வருடக் கணக்கில் தடுமாறியது ஊரறிந்த விஷயம்.

ஏன் தடுமாறினார்கள்? பாடத் திட்டத்தைப் பாருங்கள். எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை முழுக்கப் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. பன்னிரண்டில் இருப்பது அவற்றின் பயன்பாடு. பதினொன்றை விட்டவன் பயன்பாட்டை மனப்பாடம் செய்கிறான், எதன் பயன்பாடு என்று அவனுக்குத் தெரியாது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26லிருந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை. மூன்று வருடம் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சுமை, அதை நானே வகுப்பில் பார்த்தவன், எடுத்ததில் தப்பில்லை. ஆனால் பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று பார்க்க வேறு ஒரு வழி வைக்காமல் விட்டால் பழையபடி புத்தகம் ஓரத்துக்குப் போகும். உங்கள் பிள்ளை பதினொன்றில் படிக்கிறது என்றால் டிசம்பரில் ஒரு தடவை கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, புத்தகத்தையும் நோட்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

பாஸ் மார்க்கை 35லிருந்து 50 ஆக்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது. தகுதியில்லாதவர் குறைவார்கள் என்று சொல்வார்கள். குறைவது யார் என்று பார்த்தால், காரிமங்கலம் மாதிரி எங்கள் பக்கத்து ஊரிலிருந்து முதல் தலைமுறையாகப் படியேறி வரும் பெண் பிள்ளைதான். டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கோட்டையும் தாண்டிவிடும்.

பாஸ் மார்க் அப்படியே இருக்கட்டும். கேள்வித்தாளை மாற்றலாம். ஒவ்வொரு பெரிய பகுதியிலும் குறைந்தபட்சம் ஒரு எளிய கேள்வியைக் கட்டாயமாக வைத்தால் பாதிப் புத்தகத்தைத் திறக்காமல் தேற முடியாது. எளிய கேள்வி என்பதை அழுத்திச் சொல்கிறேன். தரம் என்றால் கஷ்டமாக்குவது என்று எடுத்துக்கொள்ளும் ஆட்கள் நம்மிடையே அதிகம்.

சரி, நேராகச் சொல்லுங்கள். கல்லூரியில் அந்தப் பழைய பாடத்தை நடத்துவது யார் பொறுப்பு?

சேர்த்துக்கொண்ட கல்லூரியின் பொறுப்பு.

"இது பள்ளியில் படித்திருக்க வேண்டியது, என் வேலை இல்லை" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆரம்பத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இன்று அது தவறு என்று நினைக்கிறேன். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியலில் சராசரி 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 என்பது தகுதி. அதை அறிவித்தது நாம், அந்த மார்க்கோடு வந்த பிள்ளையைப் பெயர் எழுதிச் சேர்த்தது நாம், கட்டணத்தை அரசோ அப்பாவோ கட்ட வாங்கியது நாம். 40 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு மீதி 60 சதவீதம் தெரியாது என்பது சேர்க்கும்போதே தெரிந்ததுதானே? சேர்த்த பிறகு அவனுக்கு அடிப்படை இல்லை என்று சலித்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

இன்னொன்றும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 1978ல் மேல்நிலை வகுப்பு வருவதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் கல்லூரிக்கு வந்து ஒரு வருடம் பி.யு.சி., அதாவது புகுமுக வகுப்பு, படிப்பார். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுகிற அந்த வருடத்தைக் கல்லூரியே நடத்தியது. தமிழ் மீடியத்தில் வந்தவர் ஆங்கிலத்துக்குப் பழகியதும், தன் ஊரை விட்டுத் தனியாக நின்று பழகியதும் அந்த வருடத்தில்தான். பிளஸ் டூ வந்ததும் அந்த வருடம் பள்ளிக்குப் போனது, மாறுவதற்கான வேலை யாரிடமும் போகவில்லை. பள்ளிக் கல்விக்கு ஒரு துறை, உயர்கல்விக்கு ஒரு துறை, இரண்டுக்கும் தனித்தனி அமைச்சர், செயலர், கோப்பு. நடுவில் மே, ஜூன் என்று இரண்டு மாதம் பிள்ளை எந்தத் துறையின் பொறுப்பிலும் இல்லை.

கல்லூரி நடத்த வேண்டும் என்றால் பள்ளி தப்பித்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. கணக்கு அங்கே திரும்பிப் போக வேண்டும். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசுக் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது, கல்லூரியில் அதே மாதிரி யூமிஸ் எண் இருக்கிறது. கல்லூரிப் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் போட, இந்தப் பெண் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தாளா என்று சரிபார்த்துத்தான் போடுகிறார்கள். பணத்துக்காகப் பொருத்திப் பார்க்க முடிகிறதை, படிப்புக்காகவும் பொருத்திப் பார்க்கலாம். முதல் வாரத்தில் கல்லூரி ஒரு அடிப்படைத் தேர்வு வைக்கட்டும். பிள்ளைகள் பெயர் இல்லாமல், எந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் எந்தப் பகுதியில் நிற்கிறார்கள் என்று முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அந்தப் பள்ளிக்கும் அனுப்பட்டும். நான் பள்ளியில் வேலை செய்த வருடங்களில், என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் கல்லூரியில் என்ன ஆனார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எனக்கு வந்ததில்லை. யாராவது ஒரு பையன் சந்தையில் பார்த்து "சார், நாலு அரியர் சார்" என்று சொன்னால்தான் தெரியும்.

அமெரிக்காவில் எல்லாம் இதற்கு என்ன செய்கிறார்கள்?

அங்கேயும் இதே சண்டைதான், நம்மைவிடப் பழைய சண்டை. அங்கே சமுதாயக் கல்லூரியில், அதாவது இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் கல்லூரியில், சேரும்போது ஒரு தேர்வு வைத்து, தேறாதவரை ரெமிடியல் வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அந்த வகுப்புக்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. நிறையப் பேர் அங்கேயே நின்று படிப்பை விட்டார்கள். பள்ளி சொல்லித் தராததற்குப் அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமே பணம் கட்ட வேண்டும் என்று மெயின் (Maine) மாநிலத்தின் ஆளுநராக இருந்த பால் லெப்பேஜ் யோசனை சொன்னார். கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் பணம் போவது ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியிலிருந்துதான், அப்புறம் அடுத்த வருடம் அங்கே ஆசிரியர் இன்னும் குறைவார்.

எனக்கு உருப்படியாகத் தெரிவது இரண்டு. கலிஃபோர்னியாவில் 2017ல் ஒரு சட்டம் வந்து, பெரும்பாலான மாணவர்களை நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்கார வைத்து, கூடவே துணை வகுப்பு கொடுங்கள் என்றது. டென்னசியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளியின் கடைசி வருடத்திலேயே, கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய கணக்குப் பாடத்தை நடத்தினார்கள். கல்லூரிக்கு வந்து உட்கார்ந்து அழுவதற்கு முன்பே.

நம் கல்லூரிகளில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா?

பேப்பரில் நிறைய இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. சொன்னபடி பொறியியல் கல்லூரிகளில் தொடக்கத்தில் அறிமுக நாட்கள், பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் கொண்டு வந்த 'தீக்ஷாரம்ப்' என்ற புதுமாணவர் அறிமுக நிகழ்ச்சி, கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் செமஸ்டரில் 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' என்று ஒரு தாள். பட்டியல் இனத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டவருக்கும் சிறுபான்மையினருக்கும் ரெமிடியல் வகுப்பு நடத்த மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பணமும் கொடுத்தது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது மெல்லக் கற்போருக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும், அதற்கு ஒரு ஃபைல் தயாராகும்.

நடைமுறையில் வகுப்பு எப்போது வைக்கிறார்கள் தெரியுமா? மாலை நான்கு மணிக்கு மேல். எங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்கு நான்கரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான், பெண் பிள்ளை என்றால் வீட்டில் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். பையன்கள் மாங்காய் சீசனில் மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் போவார்கள், ஓசூரில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராகக் காலை வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. நான்கு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு வரவில்லை என்று எழுதுவது அநியாயம். நானே ஒரு வருடம் அப்படி வைத்து, முதல் வாரம் முப்பது பேர், மூன்றாவது வாரம் நான்கு பேர். அடுத்த வருடம் கெஞ்சிக் கூத்தாடி டைம் டேபிளில் இரண்டாவது பீரியடாக வாரத்துக்கு இரண்டு வாங்கினேன். பிள்ளைகள் வந்தார்கள். வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை, அதே ஆள், அதே பாடம், அதே கரும்பலகை.

தனி வகுப்பில் போட்டால் பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்காதா?

எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் கல்லூரிகளில் அவமானமே இல்லாத ஒரு குறைதீர் பாடம் பல வருடமாக நடக்கிறது, யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை: 'அடிப்படைத் தமிழ்'. பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்தவருக்கு அது, பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழியை எடுத்தவருக்கு 'சிறப்புத் தமிழ்'. ஓசூர், பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படித்த பிள்ளைகள் அதிகம். 2006ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து தமிழ் கட்டாயம் ஆன பிறகும் இந்த எல்லைப் பக்கத்தில் வீட்டு மொழி தெலுங்கோ கன்னடமோ உருதுவோதான். அந்தப் பிள்ளை கல்லூரியில் உயிரெழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்குத் தாள் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, கிரெடிட் இருக்கிறது, டைம் டேபிளில் நேரம் இருக்கிறது, "உனக்கு இதுகூடத் தெரியாதா" என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள், அவ்வளவுதான் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அதே மரியாதையை 'அடிப்படைக் கணிதம்' என்ற ஒரு தாளுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்ததும் பிள்ளையின் குற்றம் இல்லை. இந்த வகுப்புக்குத் தனிக் கட்டணம் என்று எந்தக் கல்லூரியாவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே கட்டிய கட்டணத்தில் இது சேர்த்திதான்.

தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் பின்தங்குகிறார்களா?

இல்லை. இதை நான் சண்டை போட்டுக்கூடச் சொல்வேன். தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு வகையிடல் தெரியும், தொகையிடல் தெரியும், அணிக்கோவை தெரியும். கல்லூரியில் முதல் நாள் 'டிஃபரென்ஷியேஷன்', 'டிட்டர்மினன்ட்' என்றதும் தனக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொள்கிறது. ஆசிரியரும் அப்படியே நினைத்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் பலகையில் தமிழில் 'வகைக்கெழு காண்க' என்று எழுதினேன், எழுந்து வந்து மூன்று கணக்கையும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு வேண்டியது இரண்டு பக்கச் சொற்பட்டியல், இரண்டு வாரப் பழக்கம். அதனால் முதல் வாரத் தேர்வின் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மொழியை அளந்துவிட்டுக் கணக்கை அளந்ததாக நினைத்துக்கொள்வோம்.

நான் முதலாண்டு மாணவன். அடிப்படையே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது, சார்?

தம்பி, முதலில் எது தெரியாது என்று கண்டுபிடி, 'கணக்கே வராது' என்று மொத்தமாகச் சொல்லாதே. ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பின்னம், பிளஸ் மைனஸ் எண்கள், இயற்கணித விரிவு, சமன்பாடு, இந்த நான்கிலும் பயிற்சிக்கு ஐந்து கணக்கு போட்டுப் பார். என் அனுபவத்தில் முக்கால்வாசி அரியர் தொகையிடலில் வருவதில்லை, தொகையிட்ட பிறகு மைனஸைத் தவறவிடுவதிலும் பின்னத்தைச் சுருக்குவதிலும் வருகிறது. அப்புறம் பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதி, வகையிடல் பாடம். தினம் முக்கால் மணி நேரம் என்றால் ஒரு மாதத்தில் முடிக்கலாம்.

ஆசிரியரிடம் போய் "எனக்குப் புரியலை சார்" என்று நிற்காதே, எந்த வரி வரைக்கும் புரிந்தது என்று நோட்டில் கோடு போட்டுக் கொண்டு போ. அப்படி வருகிற மாணவனைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறோம். கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அலுவலகத்தில் இல்லாமல், துறைத் தலைவரிடமே கேளுங்கள்: முதல் வாரம் அடிப்படைத் தேர்வு வைக்கிறீர்களா, அதில் குறைவாக வருகிற பிள்ளைக்கு வகுப்பு உண்டா, அது டைம் டேபிளுக்கு உள்ளே இருக்கிறதா, நான்கு மணிக்கு மேலா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெளிவாக வரவில்லை என்றால் போன வருடத்து முதலாண்டு டைம் டேபிளைக் காட்டச் சொல்லுங்கள், அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருக்கும், ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்து கல்லூரி திறக்கும்வரை இருக்கிற அந்த ஆறேழு வாரத்தில் பிள்ளை பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் பக்கத்து வீட்டில் அடுத்த வருடம் பிளஸ் டூ போகிற பிள்ளையிடம் இருக்கும், வாங்கி வையுங்கள்.